மகளை டெக்சாஸுக்கு அனுப்பலாமா? துப்பாக்கிப் பயம் பற்றி அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

உறையூர் அம்மா:

வணக்கம். என் மகளுக்கு யூடி டல்லாஸில் எம்.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் வகுப்பு ஆரம்பம். பேங்க் லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, விசா இன்டர்வியூவும் முடிந்தது. டிக்கெட் போட வேண்டியதுதான் பாக்கி. இப்போது பார்த்து வீட்டில் பஞ்சாயத்து. "மனுஷனை விடத் துப்பாக்கி அதிகமா இருக்கிற ஊருக்கா புள்ளையை அனுப்புறே?" என்று என் மாமனார் ஒரே பிடியாக நிற்கிறார்.

இதில் வேடிக்கை, அவரே துப்பாக்கி வைத்திருந்தவர். துறையூர் பக்கம் பச்சைமலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லைக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசன்ஸ் வாங்கியிருந்தார். அதைப் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடப்பார். தேர்தல் தேதி அறிவித்தால் போதும், துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கையில் வரும். வயசானதும் "இந்த அலைச்சல் நமக்கெதுக்கு" என்று ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார். துப்பாக்கியைக் கையில் பிடித்த மனிதரே பயப்படுகிறாரே என்றுதான் எனக்கும் கலக்கம்.

டல்லாஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் என் சித்தி மகன் இருக்கிறார், அண்ணன் முறை. முதல் ஒரு மாதம் மகள் அவர் வீட்டில்தான் தங்குவாள். அண்ணியிடம் கேட்டால் "அட போம்மா, நாங்க இங்க வெடிச் சத்தம்கூடக் கேட்டதில்லை" என்கிறார். டிவியைப் போட்டால் பள்ளிக்கூடத்தில் சுட்டார்கள், மாலில் சுட்டார்கள் என்று ஓடுகிறது. இரண்டும் எப்படி ஒரே ஊராக இருக்க முடியும்? ஆறுதல் சொல்ல வேண்டாம். அங்கே நடப்பதைச் சொல்லுங்கள்.

சேலம் ஸ்ரீ:

அக்கா, உங்கள் மாமனார் சொன்ன கணக்கு சரிதான். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2017க்குப் போட்ட மதிப்பீடு, அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கி. உலகத்தில் வேறு எந்த நாடும் கிட்டக்கூட வரவில்லை. இந்தியாவில் 100 பேருக்கு 5, அதிலும் பெரும்பகுதி லைசன்ஸ் இல்லாதது.

ஆனால் இதையும் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். 2023இல் அமெரிக்கா முழுவதும் துப்பாக்கியால் கொலையானவர்கள் 17,927. அவர்கள் 33 கோடிக்கு மேல், நாம் 8 கோடி. மகள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் போனபோது தாத்தா எத்தனை நாள் தடுத்தார்? தைரியமாக அனுப்புங்கள்.

எடிசன் மீனா:

ஸ்ரீ, இந்த ரோடு ஆக்சிடென்ட் கணக்கை எல்லாத் திரியிலும் யாராவது கொண்டுவந்து போடுகிறார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும். லாரி மோதினால் என்ன செய்வது என்று என் பிள்ளை வகுப்பறையில் மாதாமாதம் பழகுவதில்லையே.

நியூ ஜெர்சியில் சட்டப்படி பள்ளிகளில் மாதம் ஒரு தீ ஒத்திகை, ஒரு பாதுகாப்பு ஒத்திகை (துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் என்பது போல). என் சின்னவள் கிண்டர்கார்டன் போன புதிதில் வந்து சொன்னாள்: டீச்சர் லைட்டை அணைத்தாராம், கதவுக் கண்ணாடியில் இருந்து பார்த்தால் தெரியாத மூலையில் எல்லாரும் காலை மடக்கி உட்கார்ந்தார்களாம், கடைசி வரை சத்தமே போடாததால் இவளுக்கு யூனிகார்ன் ஸ்டிக்கர் கிடைத்ததாம். ஸ்டிக்கரைச் சட்டையிலிருந்து எடுக்கவே விடவில்லை. அன்றைக்கு நான் சமைக்கவில்லை, வெளியில்தான் வாங்கிச் சாப்பிட்டோம்.

இத்தனைக்கும் இது கட்டுப்பாடு கடுமையான மாநிலம். இங்கே துப்பாக்கி வாங்க போலீஸிடம் அடையாள அட்டை வாங்க வேண்டும், கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி பெர்மிட். துப்பாக்கிச் சாவு வீதமும் நாட்டிலேயே குறைவான மாநிலங்களில் ஒன்று.

அப்புறம் அந்த அண்ணி சொன்ன "வெடிச் சத்தம்கூடக் கேட்டதில்லை". நம் ஆட்கள் ஸ்கூல் ரேட்டிங் பார்த்து, விலை கூடின ஏரியாவில் வீடு வாங்கிக்கொண்டு, அதைத்தான் அமெரிக்கா என்கிறோம். கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு 2023இல் எடுத்த கணக்கெடுப்பில், தன் குடும்பத்தில் ஒருவர் துப்பாக்கியால் இறந்திருக்கிறார் என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர். தற்கொலையும் அதில் அடக்கம். தெருக் கோடியில் இருக்கும் வெள்ளைக்காரப் பாட்டியிடமோ கறுப்பின சக ஊழியரிடமோ ஒரு நாள் உட்கார்ந்து பேசினால்தான் இது தெரியும். நாம் பேசுவதில்லை.

அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிளேனோ பாண்டி:

அக்கா, நான் மதுரை செல்லூர். டல்லாஸ் பக்கம் வந்து பல வருஷம் ஆகிறது, இப்போது சிட்டிசன். என் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு "இவன் யார் பக்கம்" என்று கேள்வி வரக்கூடாது.

100க்கு 120 என்றதும் ஆளுக்கொன்று இடுப்பில் செருகியிருப்பதாகத் தோன்றும். பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, என்னிடம் துப்பாக்கி உண்டு என்றவர்கள் பெரியவர்களில் 32 சதவீதம். என்னுடையது இல்லை, வீட்டில் வேறொருவருடையது இருக்கிறது என்றவர்கள் இன்னும் 10 சதவீதம். மிச்சம் பாதிக்கு மேல் ஆட்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது. இருக்கிறவர்களிடம் குவிந்து கிடக்கிறது. என் ஆபீஸில் கிழக்கு டெக்சாஸ்காரர் ஒருவர். மானுக்கு ஒன்று, வாத்துக்கு ஒன்று, தாத்தா விட்டுப்போனது, மாமனார் கொடுத்தது, பிள்ளை பிறந்தபோது வாங்கியது என்று ஆள் உயர இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். ஏழெட்டுப் பேர் பங்கு அவர் ஒருவரிடமே இருக்கிறது. தங்கமான மனிதர். மான் கறியும் கொடுப்பார்.

வாங்கும் கதையைக் கேட்டால் உங்கள் மாமனார் நொந்துபோவார். கலெக்டர் இல்லை, நடை இல்லை. கடையில் 4473 என்று ஒரு படிவம். குற்ற வழக்கு உண்டா, போதைப் பழக்கம் உண்டா, இப்படிக் கேள்விகள். கடைக்காரர் அதை வைத்து எஃப்பிஐ கணினியில் விசாரிப்பார். நான் ஷெல்ஃபில் இருந்த காதுக் கவசங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பதில் வந்துவிட்டது. டெக்சாஸில் காத்திருப்புக் காலமும் இல்லை, எந்தத் துப்பாக்கி யார் வீட்டில் என்று பதிவேடும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதை எனக்கு விற்றால் அந்த விசாரணைகூடத் தேவையில்லை. 2021 செப்டம்பரிலிருந்து, தடை எதுவும் இல்லாத 21 வயதுக்காரர் லைசன்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துப் போகலாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் மட்டும் விதி வேறு. 2016 ஆகஸ்டிலிருந்து லைசன்ஸ் உள்ளவர் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், சில கட்டிடங்களில் அதுவும் கூடாது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வரும் உங்கள் மகள் துப்பாக்கி வாங்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. வேலை விசாவான எச்-1பிக்கும் அதே சட்டம். ஆனால் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு என்று அதே சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேட்டை லைசன்ஸ் வால்மார்ட்டிலேயே கிடைக்கும். மானை டிஸ்கவரி சேனலில் மட்டும் பார்த்த நம் பையன்கள் சிலர் அந்த லைசன்ஸை வாங்கி பர்ஸில் வைத்திருக்கிறார்கள். காரணம் உங்களுக்கே புரியும்.

வந்த புதிதில் மகள் கண்ணில் படப்போவது போர்டுகள்தான். கடை வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நீளமாக ஒரு பத்தி, அதில் 30.06 அல்லது 30.07 என்று எண். மறைத்தும் கொண்டுவராதே, வெளியே தெரியவும் கொண்டுவராதே என்று அர்த்தம். பாரில் சிவப்பில் பெரிதாக 51% என்று இருக்கும். வருமானத்தில் பாதிக்கு மேல் சாராயத்தில் வரும் இடம், அங்கே துப்பாக்கி கூடாது. ஒரு வாரம் திகிலாக இருக்கும், அப்புறம் கண்ணுக்கே தெரியாது.

சரி, சாவு. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 என்கிறது சிடிசி, அமெரிக்க அரசின் சுகாதார அமைப்பு. அதில் 27,300 பேர் தற்கொலை. ஸ்ரீ சொன்ன 17,927 கொலைகள் அதற்குப் பிறகுதான். டிவியில் வருகிற மாதிரி பொது இடத்தில் கண்மண் தெரியாமல் சுடும் சம்பவங்களை எஃப்பிஐ தனியாக எண்ணுகிறது. அதே 2023இல் 48 சம்பவம், 105 சாவு. நாம் பயப்படுவது அந்த 105க்கு. 27,300ஐப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்ட்கூட வந்து நான் பார்த்ததில்லை.

கொலைகளும் நாடு முழுக்கச் சமமாகப் பரவியில்லை. ஒரே நகரத்தில் சில தெருக்களில் குவிந்திருக்கும். சுட்டவனும் செத்தவனும் பெரும்பாலும் இளவட்டம், பல சமயம் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். மாநிலத்துக்கு மாநிலமும் ஏணி வைத்தாலும் எட்டாது. 2021 கணக்கில் லட்சம் பேருக்கு மிசிசிப்பியில் 33.9 துப்பாக்கிச் சாவு, மாசசூசெட்ஸில் 3.4. டெக்சாஸ் நடுவில் எங்கோ.

மக்கள் நினைப்பது இந்தக் கணக்கோடு ஒட்டுவதே இல்லை. துப்பாக்கிக் கொலை வீதம் 1993இலிருந்து 2010க்குள் பாதியாகக் குறைந்திருந்தது. 2013இல் பியூ கேட்டபோது, 20 வருஷத்துக்கு முன்பை விடத் துப்பாக்கிக் குற்றம் கூடியிருக்கிறது என்றவர்கள் 56 சதவீதம். குறைந்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 12. அப்புறம் 2020இல் நிஜமாகவே கொலை கிடுகிடுவென்று ஏறியது, இரண்டு வருஷம் கழித்து இறங்கத் தொடங்கியது. 2023இல் கொலை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அந்த அக்டோபரில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டால், நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்கிறார்கள் 77 சதவீதம் பேர். உன் ஏரியாவில் எப்படி என்று கேட்டால் 55தான். தன் தெருவைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள், நாட்டை டிவியில் பார்த்துச் சொல்கிறார்கள். உங்கள் அண்ணியும் டிவியும் ஏன் வேறு வேறு ஊரைச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களே, அது இதுதான்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. அந்தப் பயம் போய்க் கடையில் நிற்கிறது. ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், பாதுகாப்புக்குத்தான் முக்கியமாக என்கிறார்கள் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம். வேட்டை அதற்கு ரொம்பப் பின்னால்.

2023 மே 6, டல்லாஸ் பக்கத்து ஆலன் ஊரின் அவுட்லெட் மால். ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை சூட்கேஸும் ஷூவும் வாங்க நாங்கள் எல்லாரும் கூட்டிப்போகிற இடம் அது. இறந்தவர்களில் ஒரு இந்தியப் பெண்ணும் உண்டு. அந்த வாரம் எங்கள் தமிழ்க் குழுவில் ரத்த தானம், கோயிலில் பிரார்த்தனை என்று மெசேஜ் வந்தது. அதற்கடுத்த வாரம் "எந்த மாடல் நல்லது, லேடீஸுக்கு எது கைக்கு அடக்கம்" என்று வந்தது. லாக்கர் எது நல்லது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரியாது. வாங்கியவர்கள் அதை எங்கே வைத்திருப்பார்கள்? கட்டில் பக்கத்து டிராயரில். திருடன் வந்தால் டக்கென்று எடுக்க வேண்டுமே! அந்த வீட்டில் பரீட்சையில் கோட்டை விட்ட 15 வயசுப் பையன் இருப்பான், லே-ஆஃப் ஆகி மூன்று மாதமாக யாரிடமும் பேசாத அப்பா இருப்பார். மாத்திரை விழுங்கினவர்களில் பெரும்பாலோரைப் பிழைக்க வைத்துவிடலாம். துப்பாக்கியில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை.

என்னுடையது அலமாரிக்குள் சுவர்க் கட்டையோடு போல்ட் போட்ட பெட்டியில் இருக்கிறது. தோட்டா வேறு அறையில், வேறு பூட்டு. "அப்படியானால் அவசரத்துக்கு எப்படி எடுப்பீங்க?" என்று எல்லாரும் கேட்பார்கள். எடுக்க முடியாது. சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பிடிக்கும், அதற்காக வைத்திருக்கிறேன். என் மனைவி போட்ட நிபந்தனையும் அதுதான்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். யூடி டல்லாஸ் இருக்கும் ரிச்சர்ட்சன் அமைதியான ஊர். அவளிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் ஹார்ன் அடித்து முறைக்க வேண்டாம், விட்டுவிடட்டும். இங்கே காரில் துப்பாக்கி வைத்திருப்பது சர்வ சாதாரணம். அடுத்தது, கேஸ் ஸ்டேஷன் இரவு வேலை. கேஷ் தருகிறேன் என்று யாராவது கூப்பிடுவார்கள். இந்திய மாணவர்கள் சுடப்பட்ட செய்திகளை எடுத்துப் பாருங்கள், எத்தனை கடைக் கல்லாவுக்குப் பின்னால் நடந்தவை என்று தெரியும்.

ரிச்சர்ட்சன் ரூம்மேட்:

ஆன்ட்டி, நான் இங்கே இரண்டாவது வருஷம் படிக்கிறேன். பாண்டி அண்ணன் சொன்ன கடைசி விஷயத்துக்காகத்தான் லாகின் செய்தேன்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இருந்த ஒருத்தன் ஒரு கடையில் ராத்திரி ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தான். லோன் வட்டி கட்ட வீட்டில் சிரமம். ஒரு நாள் ஹூடி போட்டவன் வந்து கவுன்டர் மேல் துப்பாக்கியை வைத்தான். இவன் கல்லாவைத் திறந்து எடுத்து நீட்டிவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. விடியற்காலை வந்து சோபாவில் உட்கார்ந்தவன், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அது அனுமதி இல்லாத வேலை. போலீஸ் கேட்டால் விசாவுக்கு வேட்டு என்று முதலாளி முன்பே சொல்லி வைத்திருந்ததால், யாரிடமும் வாயைத் திறக்கவே பயந்தான். அங்கே கொள்ளையடிக்க வருகிறவனுக்கும் இது தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேம்பஸில் இதுவரை எந்தத் துப்பாக்கியையும் நான் பார்த்ததில்லை. ஏதாவது என்றால் போனுக்கு அலர்ட் வரும், நம்பர் கொடுத்து வைத்தால் போதும். என்னைக் கேட்டால் முதல் செமஸ்டர் தனிமைதான் பெரிய கஷ்டம். வாரம் ஒருமுறை வீடியோ காலில் முகத்தைப் பாருங்கள், "நல்லா இருக்கேன்" என்று டெக்ஸ்ட் வந்தால் நம்பாதீர்கள். மனசு ரொம்பச் சரியில்லாத நேரத்தில் கூப்பிட இங்கே 988 என்று ஒரு நம்பர் உண்டு, அதையும் சேவ் பண்ணச் சொல்லுங்கள்.

பேர்ன்வாசி:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். 1980களின் கடைசியில் சுவிஸுக்கு வந்து பேர்ன் பக்கம் இருக்கிறேன். இங்கத்தைய கதையும் கேளுங்கோ.

அதே ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே கணக்கில் சுவிஸில் 100 பேருக்கு கிட்டத்தட்ட 28 துவக்கு, நீங்கள் துப்பாக்கி என்கிறதுதான். ஐரோப்பாவில் இது கூடின கணக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயில் ஏறினால், ஆமி உடுப்போடு பெடியன்கள் துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வந்த புதிதில் அதைக் கண்டதும் நான் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். ஊரில் துவக்கோடு ஆட்கள் ஏறினால் என்ன நடக்கும் என்று பழகின கால்கள், தானாக எழும்பும். பக்கத்தில் இருந்த கிழவி பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

இங்கே ஒரு விசித்திரம். இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர் துவக்கு வாங்கக் கூடாது என்று ஆயுத விதியிலேயே நாட்டின் பெயர் போட்டு எழுதியிருக்கிறது. துருக்கி, சேர்பியா, அல்பேனியாவோடு நாங்களும் அந்தப் பட்டியலில். ஆனால் என் மகன் சுவிஸ் குடிமகன். கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனான், துவக்கோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருந்த காலத்தில் அப்பாவுக்குத் தொடக்கூடாத சாமான், மகனுக்கு அரசாங்கமே கையில் கொடுத்து அனுப்புகிறது. என் மனுசி அதைச் சாமியறை இருக்கும் மாடிக்குக் கொண்டுவரவே விடவில்லை. துவக்கு நிலக்கீழ் அறையில், சுடுவதற்கு வேண்டிய உள்பாகத்தைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டியிருக்கிறான். தோட்டா வீட்டில் இல்லை. முந்தி ஒரு பெட்டி கொடுத்து விடுவார்கள், 2007இல் அதை நிற்பாட்ட முடிவெடுத்தார்கள்.

இங்கே சுட்டுக் கொல்லுகிறது குறைவு. 2001இல் சூக் மாநிலப் பாராளுமன்றத்துக்குள் ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றான், அதை இன்றைக்கும் சொல்லுவார்கள். ஆனால் பாண்டி தம்பி சொன்ன அதே விஷயம் இங்கேயும் உண்டு: துவக்குச் சாவில் பெரும்பாலானது தற்கொலை, அதுவும் ஆம்பிளைகள். 2003 சீர்திருத்தத்தில் ஆமியைப் பாதியாகக் குறைத்தார்கள், அத்தோடு வீடுகளில் இருந்த துவக்கும் குறைந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள், அந்த வயது ஆண்களின் தற்கொலை குறைந்ததைக் கண்டார்கள். துவக்கு இல்லாமல் போனவுடன் வேறு வழி தேடினவர்கள் கொஞ்சப் பேர்தான். இதெல்லாம் தெரிந்தும், ஆமித் துவக்கு வீட்டில் வேண்டாம் என்று 2011இல் வாக்கெடுப்பு வைத்தபோது சனம் 56 வீதம் "இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும்" என்று போட்டது. எனக்கும் அப்போது வாக்குரிமை வந்துவிட்டது. எந்தப் பக்கம் போட்டேன் என்று என் மனுசியிடம் கேளுங்கோ.

சேலம் ஸ்ரீ:

மீனா அக்கா, அந்த ஸ்டிக்கர் விஷயம் படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பயம் உண்மை, சரி. அதற்காகப் படிப்பை விடச் சொல்ல முடியுமா?

எடிசன் மீனா:

யார் விடச் சொன்னது? நானும் இங்கேதான் இருக்கிறேன், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு.

உறையூர் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பாண்டி தம்பி, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு அண்ணிக்கு நேரடியாகவே போன் போட்டுக் கேட்டேன், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று. ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம், "ஆமா, ஆலன்ல அது நடந்தப்புறம் உங்க அண்ணன் ஒண்ணு வாங்கினாரு. யார்கிட்டயும் சொல்லலை. பெட் பக்கத்து டிராயர்லதான் இருக்கு" என்றார். அவர்கள் பையன் ஏழாவது படிக்கிறான்.

நீங்கள் என் அண்ணன் வீட்டைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. தங்க இடம் கொடுக்கிறவர்களிடம் "அதைப் பூட்டுங்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அண்ணன் கொஞ்சம் ரோஷக்காரர். "எனக்குத் தெரியாதா" என்று கேட்டுவிட்டால் மகளுக்குத்தான் சங்கடம். மாமனாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

எடிசன் மீனா:

இங்கே பிள்ளைகளை விளையாட அனுப்பும் முன் அந்த வீட்டுக்காரரிடம் இதைக் கேட்பது அம்மாக்களுக்குப் பழக்கம்தான். "அலர்ஜி ஏதாவது உண்டா, நாய் உண்டா, துப்பாக்கி பூட்டிதானே இருக்கு" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நீங்களும் அண்ணனிடம் போகாதீர்கள், அண்ணியிடமே பேசுங்கள். டிராயரில் இருப்பதைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது? எனக்கென்னவோ, யாராவது கேட்க மாட்டார்களா என்று அவரே காத்திருந்த மாதிரி தெரிகிறது.

பிளேனோ பாண்டி:

மீனா சொல்வது சரி, அண்ணி வழியாகப் போங்கள். அண்ணனுக்கு என்று ஒரு வழியும் இருக்கிறது: சட்டம். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை கையில், சுடத் தயார் நிலையில் இருக்கும் துப்பாக்கி கிடைத்துவிட்டால், பூட்டாமல் வைத்த பெரியவர் மேல் கேஸ். பையன் அதை வைத்து எதுவும் செய்திருக்கவே வேண்டாம், கைக்குக் கிடைத்தாலே குற்றம். ரோஷக்காரருக்குப் பையன் மேல் சந்தேகப்படுகிறீர்கள் என்று பட்டால்தான் கோபம் வரும். கோர்ட்டு, வக்கீல் ஃபீஸ் என்று காதில் போட்டால் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

டிராயரை விட்டு நகர்த்த மாட்டேன் என்று அடம் பிடித்தால், கட்டில் பக்கத்திலேயே வைக்கிற சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறது. மேலே நான்கு பட்டன், சரியான வரிசையில் அமுக்கினால் இரண்டு நொடியில் மூடி திறக்கும். பையன் பிறந்த தேதியை மட்டும் நம்பராக வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான். அது வரும் வரைக்கும் ஒரு கேபிள் பூட்டு போதும், துப்பாக்கிக்குள்ளேயே கோத்துப் பூட்டுவது. பல ஊர் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பேர் ஊர் விசாரிக்காமல் எடுத்து நீட்டிவிடுவார்கள்.

நான் இருப்பது அவர் வீட்டிலிருந்து இருபது நிமிஷத் தூரம்தான். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள், பெட்டியைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். மகள் வந்து இறங்குவதற்கு முன்னால் முடித்துவிடலாம்.